தேயிலைத் தோட்டம் என்றார்கள், ரப்பர் மரத்தைக் காட்டினார்கள்

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன். நாகர்கோவில் டிராவல்ஸ் ஒன்றின் மூலம் குடும்பத்தோடு சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் சுற்றுலா போனோம். அம்பாந்தோட்டையில் இறங்கி உடவளவையில் ஜீப் சஃபாரி, அப்புறம் தேயிலைத் தோட்டம் என்று நான்கு பேருக்கு 38,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள். யானை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பிறகு ரத்தினக்கல் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தைக் காட்டிவிட்டு, நேரமாகிவிட்டது என்று கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். டிராவல்ஸ்காரர் கப்பல் கம்பெனியைக் கைகாட்டுகிறார். கம்பெனியோ, கரைச் சுற்றுலா தங்கள் பொறுப்பல்ல, வழக்கு மும்பையில்தான் என்று டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: ரப்பர் பால்வெட்டு நடக்கும் ஊர்க்காரரைக் கடல் கடந்து கூட்டிப்போய் ரப்பர் மரம் காட்டியிருக்கிறார்கள்! சரி, வழக்குக்கு வருவோம்.

யானையை விட்டுவிடுங்கள். காட்டு விலங்கு எதிரே வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. விளம்பரத்தில் ‘யானை நிச்சயம்’ என்று போட்டிருந்தால் மட்டும் அதையும் சேருங்கள். உங்கள் பலம் தேயிலைத் தோட்டம்தான். பணம் வாங்கிக்கொண்டு, சொன்ன இடத்துக்கு அழைத்துப் போகாமல் கடையில் நேரத்தைக் கழித்தது சேவைக் குறைபாடு. “ரப்பரும் தோட்டப் பயிர்தானே” என்று வாதாடுவார்கள். பயணத் திட்டத்தில் வெறும் ‘தோட்டம்’ என்றிருந்தால் அது ஓரளவு எடுபடும். ‘தேயிலை’ என்றிருந்தால் எடுபடாது. ஆகவே விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் பிரதியோடு பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றும் இணைத்துவிடுவது நல்லது.

மும்பை என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34-ன்படி, புகார் தருபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆனால் அந்த நிபந்தனையையே ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று அறிவிக்கக் கேட்காதீர்கள். அது மாநில ஆணையத்தின் வேலை, வழக்கு உங்கள் மாவட்டத்தை விட்டு அங்கே போய்விடும்.

டிராவல்ஸ், கப்பல் கம்பெனி இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். 38,000 யார் ரசீதில் இருக்கிறதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியவர். ஜீப்பில் போனது உண்மை என்பதால் முழுத்தொகை கிடைப்பது சந்தேகம். கப்பல் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்டால் பேராசையாகத் தெரியும். தோட்டத்துக்கான பங்கு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு போதும்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து இருவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போடுங்கள். சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வரும். இல்லையென்றால் இரண்டு வருடத்துக்குள் புகார் தர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

அந்த ரத்தினக்கல் கடையில் வீட்டில் யாராவது ஏதாவது வாங்கியிருந்தால் பில்லைத் தேடி எடுங்கள். அதில் நேரம் அச்சாகியிருந்தால் நல்ல சாட்சி.