கேள்வி – பதில்: இரண்டு முறை விக்டோரியா கிராஸ் பெற்ற செம்மறி மேய்ப்பர்

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செம்மறியாடு வளர்த்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் பதக்கத்தை இரண்டு முறை பெற்றவர் ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இது உண்மையா? உண்மையானால், ஆடு மேய்த்த பழக்கம் அவருக்குப் போர்க்களத்தில் கைகொடுத்திருக்குமா?
– வாசகர் ஒருவர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உண்மைதான். விக்டோரியா கிராஸ் என்பது பிரிட்டனின் மிக உயர்ந்த போர் வீரப் பதக்கம். ஆனால் ஒரு சிறு திருத்தம் உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் அப்ஹாம் போருக்குப் புறப்பட்டபோது பண்ணை முதலாளி அல்லர். பிறருடைய பண்ணைகளில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். கிறைஸ்ட்சர்ச் நகரில் 1908ஆம் ஆண்டு ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தும், சட்டப் புத்தகத்தின் பக்கம் போகாமல் லிங்கனில் உள்ள வேளாண் கல்லூரியில் படித்து, அதன்பின் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கான்டர்பரி மலைநாட்டின் செம்மறிப் பண்ணைகளில் மேய்ப்பராகவும் மேலாளராகவும் இருந்தார். பிறகு அரசின் நில மதிப்பீட்டுத் துறையில் சேர்ந்தார். 1939 செப்டம்பரில் போர் அறிவிக்கப்பட்டதும், அந்த மாதமே படையில் பெயர் கொடுத்துவிட்டார்.

அந்த மலைநாட்டு மேய்ச்சல் நம் ஊர் மேய்ச்சல் போன்றதன்று. மாலையில் மந்தையை ஓட்டிவந்து கிடை போடும் வழக்கம் அங்கே இல்லை. கோடை முழுவதும் மெரினோ ஆடுகள் உயரமான சரிவுகளில் தாமாகவே மேய்ந்து திரியும். பனி விழுவதற்கு முன் அவற்றைக் கீழே இறக்கியாக வேண்டும். விடியுமுன் மேய்ப்பர்கள் நீண்ட கழியுடனும் நாய்களுடனும் மலையேறி, ஒருவர் உச்சியில், அடுத்தவர் சற்றுக் கீழே, இன்னொருவர் அதற்கும் கீழே என்று வரிசையாகப் பரவி, சரிவைத் துடைத்தாற்போல ஆடுகளைத் திரட்டிக்கொண்டு வருவார்கள். குரைத்தே மந்தையை நகர்த்தும் ‘ஹன்டவே’ என்ற நாயினம் அந்த நாட்டுக்கே உரியது. உச்சியில் நடப்பவருக்குத்தான் வேலை அதிகம். எந்தப் பள்ளத்தில் எத்தனை ஆடு பதுங்கியிருக்கிறது என்பதை அவர்தான் கண்டறிந்து, அவற்றை வெளியே வரச் செய்ய வேண்டும்.

இப்போது கிரேக்கத்தின் கிரீட் தீவுக்கு வருவோம். 1941 மே மாதம், ஜெர்மன் பாராசூட் படை அத்தீவில் இறங்கியபோது அப்ஹாம் 20ஆம் பட்டாலியனில் இரண்டாம் லெப்டினன்ட். சீதபேதியால் உணவு செல்லாத நிலையிலும், மே 22 அன்று மாலெமே விமான தளத்தருகே இயந்திரத் துப்பாக்கி நிலைகளைக் கையெறி குண்டுகளால் அழித்தார். அவற்றில் ஒன்றை 15 கெஜம் வரை தவழ்ந்து சென்று தாக்கினார். மூன்று நாள் கழித்துக் கலட்டாஸ் என்ற ஊரில், சூழப்படவிருந்த வேறொரு பிரிவை எச்சரித்துவிட்டுத் தனியாகத் திரும்பும்போது இரண்டு ஜெர்மானியர் அவரைச் சுட்டனர். அவர் செத்தவர் போல விழுந்து கிடந்தார். பிறகு மெல்லத் தவழ்ந்து, ஒரு கை மட்டுமே இயங்கிய நிலையில் துப்பாக்கியை ஒரு மரத்தின் கவட்டையில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். நெருங்கி வந்த இருவரையும் சுட்டார். இரண்டாமவர் விழும்போது அவருடைய உடல் அப்ஹாமின் துப்பாக்கி முனையில் மோதியது என்று பதக்கச் சான்றுரை குறிப்பிடுகிறது.

உங்கள் கேள்விக்கு நான் காட்டக்கூடிய விடை மே 30 அன்று ஸ்ஃபாக்கியாவில் நடந்தது. தோல்வியுற்ற நேச நாட்டுப் படை கப்பலேறக் காத்திருந்த கடற்கரை அது. எதிரிகள் ஒரு மலையிடுக்கு வழியாகத் தலைமையகத்தின் அருகே வரை வந்துவிட்டார்கள். அப்ஹாம் அவர்களை நேருக்கு நேர் எதிர்க்கவில்லை. களைத்துப்போன உடம்போடு செங்குத்தான குன்றில் ஏறி, சரிவில் தம் ஆட்களை நிறுத்திவிட்டு, பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியுடனும் இரண்டு வீரர்களுடனும் உச்சிக்குப் போய், மறைவிலிருந்த எதிரிகள் தாமாக வெளிப்படும்படி செய்து, 500 கெஜ தூரத்திலிருந்து 22 பேரை வீழ்த்தினார். மற்றவர்கள் சிதறி ஓடினர். மேய்ப்பர்கள் மலையில் நிற்கும் அதே வரிசை, உச்சியில் அதே ஆள்! ஆடு மேய்க்கும் சாந்தமான தொழிலைக் கொலைத்தொழிலோடு ஒப்பிடுவது எனக்கும் உவப்பாக இல்லை. ஆயினும் நிலத்தைப் படிக்கும் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: ஒரே பதக்கத்தை எப்படி இரண்டு முறை தருவார்கள்? வேறு யாருக்கும் கிடைத்திருக்கிறதா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இரண்டாவது முறை புதிய சிலுவை தரமாட்டார்கள், முதல் பதக்கத்தின் நாடாவில் ஒரு பட்டை சேர்ப்பார்கள். இதுவரை மூவருக்கு மட்டுமே அது கிடைத்திருக்கிறது. ஆர்தர் மார்ட்டின்-லீக், நோயல் சவாஸ் ஆகிய மற்ற இருவரும் இராணுவ மருத்துவர்கள்; ஆயுதமேந்திப் போரிட்டுப் பெற்றவர் அப்ஹாம் ஒருவரே.

அவருடைய பட்டை எகிப்தின் ருவெய்சாட் மேட்டில் 1942 ஜூலை 14, 15 தேதிகளில் நடந்த சண்டைக்காக வழங்கப்பட்டது. இந்தியப் படையின் 5ஆம் பிரிகேடும் அதே இரவில் அதே மேட்டில் நியூசிலாந்து வீரர்களோடு சேர்ந்து போரிட்டது. முழங்கை எலும்பைக் குண்டு நொறுக்கிய பின்னரும் கேப்டன் அப்ஹாம் நகரவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிவந்து, மறுபடியும் காயம்பட்டு, கம்பெனியில் எஞ்சிய ஆறு பேரோடு சிறைப்பட்டார். முகாமிலிருந்து பலமுறை தப்ப முயன்றதால், கடைசியில் அவரை ஜெர்மனியில் கடும் காவல் உள்ள கோல்டிட்ஸ் கோட்டைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஒருவருக்கே இரண்டாவது முறையா என்று மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவருடைய தளபதி கிப்பன்பெர்கரிடம் கேட்க, அவர் பல முறை பெற்றிருக்க வேண்டியவர் என்று தளபதி பதிலளித்தாராம்.

கேள்வி: ஊர் மக்கள் தந்த பண்ணையை அவர் வேண்டாமென்றாராமே?
– வாசகர் ஒருவர், கோவை

பதில்: பண்ணையாகத் தரவில்லை, அவருக்குப் பண்ணை வாங்கித் தருவதற்காகக் கான்டர்பரி மக்கள் 10,000 பவுண்டு திரட்டினார்கள். அவர் அதை ஏற்க மறுத்தார். அப்பணம், போரில் பணியாற்றியவர்களின் பிள்ளைகள் படிப்பதற்கான உதவித்தொகை நிதியாக மாறியது. அவரோ, திரும்பிவந்த மற்ற வீரர்களைப் போலவே அரசின் மறுவாழ்வுக் கடன் வாங்கி, கான்டர்பரியின் வடக்கே கான்வே ஆற்றுப் பக்கம் நிலம் வாங்கினார். பழைய காயங்கள் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தும் பண்ணை நன்றாகவே நடந்தது. மூன்று பெண்கள் அங்கே வளர்ந்தார்கள். பேட்டி என்றாலே ஒதுங்கிவிடுவார். ஜெர்மனியில் செய்த வண்டியோ இயந்திரமோ தம் நிலத்துக்குள் வரக்கூடாது என்ற பிடிவாதம் மட்டும் அவரிடம் இருந்ததாகச் சொல்வார்கள். உடல்நிலை இடங்கொடாமல் 1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அந்த நிலத்தை விட்டுக் கிறைஸ்ட்சர்ச்சுக்குக் குடிபெயர்ந்தார். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று, 86 வயதில் அங்கே காலமானார்.