வேலையை விட்டுவிட்டு மூன்றரை ஏக்கரில் மாடும் மஞ்சளும்: கணக்கு தாங்குமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் 8 வருடமாக வேலை, கைக்கு 32,000 ரூபாய் வருகிறது. சொந்த ஊர் அந்தியூர் பக்கம். அப்பா பெயரில் மூன்றரை ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, இரண்டு மாடு. மாசி பங்குனியில் கிணறு வற்றிவிடும். அப்பாவுக்கு 67 ஆகிறது, முன்போல முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். ஃபிக்சட் டெபாசிட் 4 லட்சத்தை உடைத்து போர் போட்டுவிட்டு, பிஎஃப் மூன்றரை லட்சத்தை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு ஃபைனான்சில் 12 சதவீதத்துக்கு 5 லட்சம் தருகிறார்கள், மூன்று வருடத் தவணை. அதில் 5 மாடு வாங்கிக் கொட்டகையும் போட்டுவிட்டு, நிலம் முழுக்க மஞ்சள் வைக்கலாம் என்பது யோசனை. மனைவி வேண்டாம் என்கிறார். மகள் மூன்றாவது படிக்கிறாள். தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சரியாக வருமா?

பதில்: வணக்கம். ஊருக்குப் போங்கள். ஆனால் இந்த வருடம் வேண்டாம், இந்த 5 லட்சத்தோடு வேண்டவே வேண்டாம்.

முதலில் மாட்டுக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் தவணை கட்டப்போவது அதுதான். 5 லட்சம், 12 சதவீதம், 36 மாதம் என்றால் தவணை மாதம் 16,600 ரூபாய் வரும். ஒரு கலப்பின மாடு நாளைக்குச் சராசரியாக 10 லிட்டர் கறக்கிறது, கொழுப்பும் சத்தும் பார்த்து பால் சொசைட்டியில் லிட்டருக்கு 36 ரூபாய் போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 360 ரூபாய். பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு அஞ்சு கிலோ அடர்தீவனமாவது வேண்டும், கிலோ 30 என்றால் 150 ஆயிற்று. சோளத்தட்டு, பசுந்தீவனம், தாது உப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 60 போடுங்கள். மிச்சம் 150. ஐந்து மாடும் ஒரே நேரத்தில் கறக்காது. கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்றவிட வேண்டும், ஊசி போட்டுச் சினை பிடிக்கவில்லை என்றால் அந்தக் காலம் இன்னும் நீளும். அதனால் நான்கு மாடு கறக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மாதம் 18,000. தவணை போக 1,400 ரூபாய் நிற்கும். டாக்டர் செலவு, மடிநோய் வந்த வாரத்தில் கீழே கொட்டுகிற பால், விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கிற உங்கள் கூலி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. உங்கள் ஊர் தீவன விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள், கொஞ்சம் முன்னே பின்னே வரும், பெரிதாக மாறாது.

இப்போது மஞ்சள். வைகாசியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டு. ஒன்பது மாதத்துக்குக் காசு உள்ளே போய்க்கொண்டே இருக்கும்: விதை மஞ்சள், களைக்கூலி, உரம், கடைசியில் வெட்டுக்கூலி, வேகவைத்துக் காயவைத்து பாலீஷ் போடுகிற செலவு. விலையோ நம் கையில் இல்லை. சில வருடம் முன்னால் குவிண்டால் 6,000 பக்கம் கிடந்த அதே மஞ்சள் 2024இல் 15,000ஐத் தாண்டிப் போனது, அந்த நல்ல விலையைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்கும் இந்த யோசனை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆக, வருமானம் வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் எவ்வளவு என்று தெரியாது, தவணை மட்டும் மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி வந்து நிற்கும். சிறு விவசாயி நொடித்துப்போவது பல நேரம் விளைச்சல் குறைந்ததால் அல்ல, இந்தத் தேதிப் பிசகால். தவணைக்காக விலை இல்லாத நேரத்தில் சரக்கைத் தள்ளிவிடுவார்கள், அல்லது நகை அடகுக்குப் போகும்.

அதனால் கடன் வாங்கினால் பயிரோடு முடிகிற கடனாக வாங்குங்கள். நிலம் அப்பா பெயரில் இருப்பதால் அவர் பெயரில்தான் கிடைக்கும். உங்கள் ஊர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணைத் தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டியே கிடையாது. பேங்க் என்றால் கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதத்துக்கு இறங்கும். 12 சதவீதத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! கட்ட வேண்டிய தேதி வரும்போது மஞ்சள் விலை படுத்திருந்தால், ஒழுங்குமுறை விற்பனைக் கூட குடோனில் மூட்டையை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கிப் பயிர்க்கடனை அடைத்துவிட்டு, விலை ஏறும்வரை கொஞ்ச மாதம் காத்திருக்கலாம். நிலம் முழுக்க மஞ்சள் வேண்டாம், ஒரு ஏக்கர் போதும். அழுகல் நோய் வந்தால் மொத்தமும் போகும், அதோடு மாட்டுக்குத் தட்டு எங்கிருந்து வரும்?

போர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு. கிணறு எட்டு ஒன்பது மாதம் தண்ணீர் கொடுக்கிறது என்றால், முதலில் சொட்டுநீர் போடுங்கள். ஐந்து ஏக்கருக்குள் இருக்கிற சிறு குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. தாலுகா ஆபீசில் சிறு விவசாயி சான்று வாங்கி, சிட்டா, அடங்கலோடு தோட்டக்கலைத் துறையில் கொடுக்க வேண்டும், நாலு நடை அலையவிடுவார்கள், அலையுங்கள். அதைப் போட்டு ஒரு கோடை பார்த்த பிறகும் தண்ணீர் பற்றாவிட்டால் அப்போது போரைப் பற்றிப் பேசலாம். நம் பக்கத்துப் பாறையில் ஆயிரம் அடி இறக்கியும் புகை மட்டும் வந்த தோட்டங்கள் எத்தனை என்று அப்பாவிடம் கேட்டால் பெயரோடு சொல்வார். கிணற்றுக்கு இருக்கிற இலவச மின் இணைப்பில் போர் மோட்டாரையும் ஓட்ட அனுமதி உண்டா என்று மின்வாரியத்தில் கேட்காமல் லாரியைக் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்று, கேட்க சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நிலம் அப்பா பெயரில். உங்கள் 4 லட்சம் அந்த மண்ணுக்குள் போனபிறகு நாளைக்குப் பாகம் என்று வந்தால் தங்கைக்கும் சம பங்கு உண்டு, போட்ட பணத்தைத் தனியாகப் பிரித்துக்கொடு என்று கேட்க முடியாது, கேட்டால் உறவு போகும். அப்பா இருக்கும்போதே மூன்று பேரும் உட்கார்ந்து, யாருக்கு எது என்று பேசிப் பத்திரத்தில் கொண்டுவந்துவிடுங்கள். அதற்குமுன் பெரிய செலவு எதையும் செய்யாதீர்கள்.

பிஎஃப்பைத் தொடாதீர்கள். உங்களுக்கு சர்வீஸ் 8 வருடம்தான், 10 வருடம் முடிந்தால்தான் 58 வயதில் மாத பென்ஷனுக்குத் தகுதி வரும். இன்னும் இரண்டு வருடம் வேலையில் இருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குள் விட்டே ஆகவேண்டும் என்றால் பென்ஷன் பங்கை எடுத்துவிடாமல் ஸ்கீம் சர்டிஃபிகேட், அதாவது இதுவரை பார்த்த சர்வீஸைக் கணக்கில் வைத்திருக்கிற சான்று, வாங்கி வையுங்கள். கம்பெனி கொடுக்கிற மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும், குடும்பத்துக்குத் தனியாக ஒன்று எடுத்த பிறகுதான் ராஜினாமா கடிதம்.

இந்த இரண்டு வருடத்தில் என்ன செய்வது? வாரக் கடைசியில் போய்வரும் தூரம்தான். அப்பாவுக்குத் துணையாக ஒரு ஆளை மாதச் சம்பளத்துக்குப் போட்டு, வரவு செலவு முழுவதையும் நோட்டில் எழுதுங்கள், வீட்டுக்கு எடுத்த பாலும் உங்கள் கூலியும் உட்பட. டெபாசிட்டில் 2 லட்சம் அப்படியே இருக்கட்டும், அது ஆறு மாதச் சாப்பாட்டுப் பணம். மீதியில் இரண்டு மாடு, கையிலிருக்கும் காசிலேயே, ஆறு மாத இடைவெளி விட்டு வாங்குங்கள், அப்போதுதான் ஒன்று வற்றும்போது இன்னொன்று கறக்கும். பால் வருமானத்துக்கு விவசாய வருமானம் போல வரி விலக்கு கிடையாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்குச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கில் காட்ட வேண்டும்.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் வாங்குவதாக இருந்தால் மடியைப் பார்த்து மயங்காதீர்கள். முதல் நாள் சாயங்காலம் கறக்காமல் விட்டுத் தேக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டாம் ஈத்து மாடாக, அதாவது இரண்டாவது கன்று போட்டதாக, விற்கிறவர் வீட்டுக்கே போய், முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும் கூடவே நின்று கறந்து பார்த்து வாங்குங்கள். வாங்கிய வாரத்திலேயே இன்ஷூரன்ஸ் போட்டு, அதற்கு அடையாளமாகக் காதில் மாட்டிய வில்லை அறுந்து விழுந்தால் உடனே சொல்லி மறுபடி மாட்டவைக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள். வில்லை இல்லாத மாடு செத்தால் கம்பெனிக்காரர் பைசா தரமாட்டார்.