படித்த இரவில் எழுதியவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு வருடங்களாகக் கவிதை எழுதுகிறேன். எண்பது சேர்ந்திருக்கின்றன. முதல் தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்று அடுக்கிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. எனக்குப் பிடித்தவற்றில் பாதி, வேறொருவரின் கவிதையைப் படித்த இரவில் எழுதியவை. அப்பாவின் மரணம்போல என் வாழ்க்கையில் பெரிதாக நடந்தவற்றை எழுதியவையோ வெறும் தகவலாகக் கிடக்கின்றன. படித்த வேகத்தில் வருவது என் கவிதை ஆகுமா? நான்கை இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

படித்த இரவில் எழுதினேன் என்பதை ஒரு குற்றம்போலச் சொல்கிறீர்கள். ந. பிச்சமூர்த்தி புதுக்கவிதைக்கு வந்ததே அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ தொகுப்பு தந்த உந்துதலில்தான். அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். விட்மன் 1855இல் கைக்காசைப் போட்டுக் கொண்டுவந்த முதல் பதிப்பில் இருந்தவை 12 கவிதைகள். கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகள் கழித்து, 1934இல், ‘மணிக்கொடி’ இதழில் பிச்சமூர்த்தியின் ‘காதல்’ கவிதை வந்தது. விட்மனிடம் அவர் பெற்றுக்கொண்டது யாப்பைத் தாண்டும் துணிச்சலை. வேதாந்தச் சாய்வும் பறவைகள்மேல் இருந்த பிரியமும் அவருடையவை.

இன்னும் பின்னால் போய்க் குறுந்தொகையைப் பாருங்கள். நிலம், பொழுது, தலைவி, தோழி எல்லாம் எல்லாப் புலவருக்கும் பொது. 40ஆம் பாட்டை எழுதியவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. செம்மண்ணில் விழுந்த மழைநீர் பிரிக்க முடியாதபடி கலப்பதைக் கண்டார், அதனால் செம்புலப்பெயனீரார். அடுத்த பாட்டிலும் அப்படித்தான். ஆட்கள் போய்விட்ட வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதைக் கண்டவர் அணிலாடு முன்றிலார். திணையும் துறையும் கையில் தயாராக இருந்தன. அந்த நீரும் அந்த அணிலும் இல்லை. அவற்றை அவர்களே கண்டெடுக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இனி உங்கள் கவிதைகள். இரண்டில், நீங்கள் யாரைப் படித்துவிட்டு எழுதினீர்கள் என்று வாக்கியம் முடிகிற விதத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவற்றை எடுத்துவிடுங்கள். ‘சாவி’ அப்படியல்ல. காலிசெய்த வீட்டின் சாவியை இன்னமும் கொத்திலிருந்து கழற்றாமல் வைத்திருப்பது நீங்கள். படித்தது உங்களைக் கொஞ்சம் இளக்கியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே கிடந்தது மேலே வந்தது. தூண்டியது எது, எழுந்துவந்தது எது என்று இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

அப்பாவின் மரணத்தைப் பற்றியது பெரும்பகுதி தகவல்தான், நீங்கள் சொல்வது சரி. பெருந்துயரம் வரும்போது அதற்கான சொற்களையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறது. இழப்பு, வெறுமை, இருள். எல்லார் வீட்டுச் சாவிலும் புழங்கிய சொற்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: “யாரோ எழுந்துபோன சூடு நாற்காலியில் இருந்தது.” மருத்துவமனை வராந்தாவில் நீங்கள் உட்கார்ந்த அந்த ஒரு கணம். உங்களுக்கு முன்னால் அதே நாற்காலியில் யாரோ அதே செய்திக்காகக் காத்திருந்திருக்கிறார். அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை.

தொகுப்புக்கு எண்பது அதிகம். பிரிய மனமில்லாமல் என் முதல் தொகுப்பில் எல்லாவற்றையும் சேர்த்தேன். தேடிவந்து பேசியவர்கள் மூன்றே மூன்று கவிதைகளைப் பற்றித்தான் பேசினார்கள். மற்றவை அந்த மூன்றையும் மறைத்துக்கொண்டிருந்தன என்று பிறகு புரிந்தது. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’ தொகுப்பாக வந்தது 1962இல், ‘காதல்’ வெளியாகி 28 ஆண்டுகளுக்குப் பிறகு. உங்களை அவ்வளவு காத்திருக்கச் சொல்லவில்லை. முப்பத்தைந்து போதும். எழுதிய வரிசையில் அடுக்க வேண்டாம், ‘சாவி’ முதலில் வரட்டும்.

நாற்காலிக் கவிதையைத் திரும்ப எழுதியதும் அனுப்புங்கள்.

அன்புடன்.