எக்ஸ்-15ல பின்சக்கரம் இருந்தா வாங்காதீங்க

கேள்வி (வாசகி, அல்சூர், பெங்களூரு): பிளஸ் டூ படிக்கிற என் பையன் எக்ஸ்-15ங்கற அமெரிக்க ராக்கெட் ஆராய்ச்சி விமானத்தோட டைகாஸ்ட் (உருக்கின உலோகத்தை அச்சுல ஊத்திச் செய்யிற) மாடல் வேணும்னு ஒத்த கால்ல நிக்கிறான். ஆன்லைன்ல ஒண்ணு கறுப்பா இருக்கு, ஒண்ணு வெள்ளையா இருக்கு. எது சரி?

பதில்: ரெண்டும் சரிதாங்க. நிஜ விமானம் மொத்தம் 3தான் செஞ்சாங்க, இன்கோனல் எக்ஸ்னு சூடு தாங்குற நிக்கல் கலவையில செஞ்ச உடம்பு, அதான் கறுப்பு. வெள்ளை வந்தது 1967ல, அந்த வருஷம் அக்டோபர் 3ஆம் தேதி விமானி பீட் நைட் மாக் 6.7 (ஒலியை விட 6.7 மடங்கு) வேகம் தொட்டாரே அந்த விமானத்துக்கு. சூட்டுல தானே கருகி உதிர்ற மாதிரி பிங்க் கலர்ல ஒரு பூச்சு பூசி அதுக்கு மேல வெள்ளை அடிச்சாங்க. அதனால வெள்ளை மாடல்னா வால்ல 66671ன்னு நம்பர் இருக்கான்னு பாருங்க.

கலரை விட முக்கியமா அடிப்பக்கத்தை போட்டோ கேளுங்க. மூக்குக்கு கீழ சக்கரம் இருக்கும், பின்னாடி சக்கரமே கிடையாது, ரெண்டு ஸ்டீல் சறுக்குக் கட்டைதான். பி-52ங்கற பெரிய குண்டுவீச்சு விமானத்தோட இறக்கைக்கு அடியில தூக்கிட்டுப் போய் வானத்துல விடுவாங்க, தரையிலேர்ந்து கிளம்புற வேலையே இல்ல, வறண்ட ஏரிப்படுகையில சறுக்கிட்டு இறங்கினா போதும். அடியில நீளமா தொங்குற வால்துடுப்பு தரையில இடிக்கும்ங்கறதால இறங்குறதுக்கு முன்னாடி அதோட கீழ்ப்பாதிய கழட்டி விட்டுடுவாங்க. மூக்குச் சக்கரத்தையும் இறக்கி வச்சு அந்த துடுப்பையும் முழுசா மாட்டி வித்தா செஞ்சவங்க படத்தையே சரியா பாக்கலன்னு அர்த்தம், காசு குடுக்காதீங்க. 1:72 அளவுன்னா (நிஜத்துல 72ல ஒரு பங்கு) நீளம் சுமார் 21-22 செ.மீ. வரணும், ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க.

கேள்வி (வாசகர், ஜெயநகர்): செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பழைய மாடல்ல இறக்கை விரிசல் விடுது, ஃபெவிக்விக் போடலாமா?

பதில்: போட்டாலும் நிக்காதுங்க. டைகாஸ்ட் மாடல் செய்யிற துத்தநாகக் கலவையில ஈயம் மாதிரி அசுத்தம் கலந்திருந்தா உள்ளயே அரிச்சு உப்பிப் பொடியா போகும், ஈரக்காத்து அதை வேகப்படுத்தும். இதுக்கு வைத்தியம் கிடையாது. பக்கத்து மாடலுக்கு ஒட்டாது, அந்த பயம் வேண்டாம். மத்ததை சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட கண்ணாடி அலமாரியில, ஜன்னல் வெயில் படாத இடத்துல வைங்க.

கேள்வி (வாசகர், மாரத்தஹள்ளி): நம்ம ஊர் விமானம் எதுவும் ஆராய்ச்சிக்கு பறந்திருக்கா?

பதில்: பறந்திருக்கே! மாருத்ங்கற போர் விமானம். ஜெர்மன்காரர் கர்ட் டாங்க் டிசைன், 1961 ஜூன் 17 அன்னிக்கு நம்ம பெங்களூருலதான் முதல்ல பறந்துச்சு. அதுல ஒண்ணு எகிப்துக்குப் போய் அவங்க ஈ-300 ஜெட் எஞ்சினை மாட்டி 1967ல சோதிச்சுப் பார்த்த விமானம். உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே எச்ஏஎல் (விமானம் செய்யிற அரசு நிறுவனம்) மியூசியம் இருக்கு, மாருத் அங்கயே நிக்குது. மாடல் வாங்குறதுக்கு முன்னாடி போய் ரெண்டு பக்கமும் காத்து போற வாயோட வளைவை நல்லா பாத்துட்டு வாங்க, மட்டமான மாடல்ல முதல்ல சொதப்புறது அந்த இடத்தைத்தான்.