ஜூலு பேச்சு: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் கல்யாணமான ஜூலு இனப் பெண்கள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்கிறார்களே, நிஜமா?

பெயரோடு நின்றால் சுலபமாக இருந்திருக்கும். ஹ்லோனிப்பா என்ற மரியாதை முறைப்படி, அந்தப் பெயரின் ஒலி வேறு சொல்லில் வந்தாலும் அதையும் விட்டுவிட வேண்டும். மாமனார் பெயர் மண்ட்லா என்று வைத்துக்கொள்ளுங்கள், பலத்தைக் குறிக்கும் அமண்ட்லா என்ற சாதாரணச் சொல்லும் மருமகள் வாயில் வரக் கூடாது, அதனால் ஒரு மெய்யொலியை மாற்றியோ சுற்றி வளைத்தோ சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மாமியாரும் ஓரகத்திகளும் வழக்கமாகச் சொல்லும் மாற்றுச் சொற்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். பேச்சுக்கு நடுவே சட்டென்று அப்படி மாற்றுவது பெரிய திறமை. ஆனால் புகுந்த வீட்டுக்கு வந்தவள் மேல்தான் பாரம் முழுக்க விழுகிறது, எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நகரங்களில் இப்போது ரொம்பவே தளர்ந்துவிட்டது.

கேள்வி: ஆண்களுக்கு எதுவுமே கிடையாதா?

உண்டு, மாமியார் பெயரை மருமகனும் தவிர்ப்பான், ஆனால் அவ்வளவு கெடுபிடி இல்லை. அரசர் பெயர் என்றால் எல்லாருக்கும் பொது. ஜூலு அரசர் ம்பாண்டே ஆண்ட காலத்தில் (1840–1872) வேரைக் குறிக்கும் இம்பாண்டே என்ற சொல்லை விட்டு வேறு சொல்லுக்கு மாறினார்கள். நாக்கைச் சொடுக்கும் ஒலிகள், அங்கே முன்பே வாழ்ந்த மக்களின் கோய்சான் மொழிகளிலிருந்து ஜூலுவுக்குள் வர இந்தத் தவிர்ப்புப் பழக்கமும் ஒரு காரணம் என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

கேள்வி: கல்யாணத்துக்கு அப்புறம் பெண்ணின் குலப்பெயர் போய்விடுமா?

போகாது. குமாலோ குலத்தில் பிறந்தவளைப் புகுந்த வீட்டிலும் மாகுமாலோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் நகர ஜூலுவும், ஜூலுக்களின் சொந்த மாகாணமான குவாஜூலு-நட்டால் ஜூலுவும் ஒன்றுதானே?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் கிராமத்து ஜூலுவை ஆழமான, சுத்தமான ஜூலு என்று பெருமையாகச் சொல்வார்கள். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவில் ஜூலு இலக்கணத்தின் மேல் சோத்தோ, ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலச் சொற்களை ஏற்றி இளைஞர்கள் பேசும் இஸ்கம்தோ தனி ரகம். அது தெருவில் நிற்கும் ஆண்பிள்ளைகளின் பேச்சாகவே பார்க்கப்பட்டது, ஒரு பெண் பேசினால் அவள் ஒழுக்கத்தையே சந்தேகித்தார்கள்.

சுத்தம் என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2008 மே மாதம் வெளிநாட்டவர்களைத் தாக்கிய கும்பல்கள், ஆளை நிறுத்தி முழங்கையைக் காட்டி ஜூலுவில் என்ன என்று கேட்டன. இண்டொலொல்வானே என்று வராவிட்டால் அடி. அந்தக் கலவரத்தில் 62 பேர் செத்தார்கள், அதில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்களே.

கேள்வி: வேலைக்காக டர்பன் போகிறேன், ஃபனகாலோ கற்றுக்கொண்டால் போதுமா?

வேண்டாம். அது ஜூலு சொற்களை வைத்து உருவான கலப்புப் பேச்சு. 1860 முதல் நட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களும் அதைப் பேசியிருக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் சுரங்கங்களில் முதலாளி தொழிலாளியை ஏவும் பேச்சாக அது நிலைத்துவிட்டதால் பலருக்கு அவமானமாகவே படும். பெரியவர்களை பாபா, மாமா என்று கூப்பிடுங்கள், பாபா என்றால் அப்பா, மாமா என்றால் அங்கே அம்மா. பழகியவர்களிடம் குலப்பெயர் கேட்டு அதைச் சொல்லியே கூப்பிட்டால் முகம் மலர்ந்து பேசுவார்கள்.