தோண்டி நட்ட காட்டு ரூமெக்ஸ் ஏன் வாடுகிறது, புதைத்த விதை ஏன் முளைக்கவில்லை?

ஓடைக்கரையில் தானாக வளர்ந்திருந்த ரூமெக்ஸ் செடி ஒன்றை வேரோடு தோண்டி எடுத்துவந்து தொட்டியில் நட்டதாகவும், மூன்றே நாட்களில் இலைகள் அத்தனையும் துவண்டு பழுத்துவிட்டதாகவும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அதே செடியின் காய்ந்த பூத்தண்டிலிருந்து உதிர்த்த விதைகளை வேறொரு தொட்டியில் அரை விரல் ஆழத்தில் புதைத்து, தவறாமல் தண்ணீர் ஊற்றியும், ஒரு மாதம் கழிந்த பிறகும் ஒரு முளைகூட எழவில்லையாம். களையாக மண்டிக் கிடக்கும் செடி வளர்த்தால் மட்டும் ஏன் வருவதில்லை, வந்தால் பல ஆண்டுகள் இருக்குமா, இலையை உண்ணலாமா, தோட்டம் முழுவதும் பரவிவிடுமா என்று கேட்கிறார். இலை நீண்டு குறுகியதாகவும் அதன் விளிம்பு அலை அலையாகச் சுருண்டும் இருந்ததாக அவர் குறிப்பிட்டிருப்பதால், அது ரூமெக்ஸ் கிரிஸ்பஸ் என்னும் பல்லாண்டுச் செடி என்றே கொள்கிறேன். நாம் சுக்கான் கீரை என்று அறிந்திருப்பது இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது ஓராண்டில் வாழ்ந்து முடியும் செடி, இதுவோ வேரில் உயிரைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் துளிர்ப்பது.

முதலில், வாடிய செடியைத் தூக்கி எறிய வேண்டாம். இலைகள் போனதால் செடியும் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், மண்ணைச் சற்று விலக்கி, இலைக்காம்புகள் வேரோடு சேரும் கழுத்துப் பகுதியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பழுப்புத் தோலுக்கு அடியில் மஞ்சளான, ஈரப்பசையுள்ள, அழுத்தினால் கெட்டியாக இருக்கும் சதை தென்பட்டால் செடி உயிரோடு இருக்கிறது. கூழாகிக் கெட்ட வாடை வீசினால் மட்டுமே அது அழுகிவிட்டது என்று பொருள். உயிரோடு இருந்தால், எஞ்சியிருக்கும் இலைகள் அனைத்தையும் கழுத்துக்கு இரண்டு விரல் மேலே நறுக்கிவிட்டு, தொட்டியை நிழலில் வைத்து, மண் காயாமலும் சேறாகாமலும் பார்த்துக்கொண்டால், சில வாரங்களில் நடுவிலிருந்து சுருட்டி வைத்ததுபோன்ற சிறு இலை ஒன்று வெளிவரும்.

இலைகள் ஏன் அவ்வளவு விரைவில் துவண்டன என்பதற்கு விடை, தோண்டிய குழியிலேயே இருக்கிறது. இச்செடி சதைப்பற்றுள்ள ஆணிவேரை நேர்க்கீழாக ஆழத்தில் இறக்குகிறது. நீண்ட இலைகள் நாள் முழுவதும் இழக்கும் நீரை ஈடுசெய்வது அந்த ஆழ வேரும் அதிலிருந்து பிரியும் மெல்லிய கிளைவேர்களும்தான். மண்வெட்டியால் தோண்டும்போது அவை அறுபட்டு ஓடைக்கரையிலேயே தங்கிவிடுகின்றன; நம் கைக்கு வருவது தடித்த மேல்வேரும், அது தாங்க முடியாத அளவு இலைச்சுமையும். ஆகவே வளர்ந்த செடியை இடம் மாற்றுவதானால் இலைகளை முதலில் வெட்டிவிட்டுத்தான் தோண்ட வேண்டும். கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் இருப்பதால், கழுத்தோடு ஒரு விரல் நீள வேர் கிடைத்தாலே அதிலிருந்து முழுச் செடியைப் பெற முடியும். இதற்கு மாறாக, கழுத்தை இழந்த அடிவேர்த் துண்டு எவ்வளவு பருமனாக இருந்தாலும் பொதுவாகத் துளிர்ப்பதில்லை. களையெடுப்பவர் மேல்வேரைத் தோண்டி எடுக்காமல் இலையை மட்டும் பிடுங்கும்போதெல்லாம் செடி திரும்பி வருவதற்கும், எவ்வளவு கவனமாக நட்டாலும் அடிவேர்த் துண்டு முளைக்காமல் போவதற்கும் காரணம் ஒன்றே.

தொட்டியைப் பொறுத்தவரை அகலத்தைவிட ஆழமே முக்கியம். ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமும், அடியில் நீர் வடியும் துளைகளும் இருக்கட்டும். நடும்போது கழுத்து மண்மட்டத்தோடு மட்டமாக அமைய வேண்டும். அதை ஆழப் புதைத்தால் ஈரத்தில் அழுகும் வாய்ப்பு மிகுதி. நிலத்தில் நடுவதானால் செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி போதும்.

இனி விதைக்கு வருவோம். எனக்கு இச்செடியில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். காய்ந்த தண்டிலிருந்து உதிர்ந்து வருவதை நாம் விதை என்று சொன்னாலும், அது மூன்று சவ்விறகுகள் சேர்ந்து போர்த்திய ஒரு சிறு பொட்டலம். உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் தேய்த்தால் இறகுகள் காகிதம்போல நொறுங்கி, உள்ளிருந்து செம்பழுப்பு நிறத்தில், மூன்று கூரிய விளிம்புகளோடு, மெருகேற்றியதைப் போல மின்னும் விதை வெளிப்படும். இறகு காற்றில் பறப்பதற்கும், அதில் ஒட்டியிருக்கும் தக்கை போன்ற புடைப்பு நீரில் மிதப்பதற்கும் உதவுகின்றன. ஓடைக்கரையில் இச்செடி வரிசையாக நிற்பதற்கு இந்த மிதவையும் ஒரு காரணம்.

இந்த விதைகள் முளைப்பதற்கு ஈரம் மட்டும் போதாது, ஒளி வேண்டும். அதிலும், பிற செடிகளின் இலைகளுக்கு ஊடாக வடிகட்டப்பட்டு வரும் ஒளியில் செந்நிறக் கதிர்கள் குறைந்து அகச்சிவப்பை ஒட்டிய கதிர்கள் மிகுந்திருப்பதால், அத்தகைய நிழலில் விதை விழித்தெழுவதில்லை. தலைக்கு மேல் போட்டிச் செடிகள் இருக்கின்றனவா, இல்லையா என்பதை ஒரு விதை இவ்வாறு அறிந்துகொள்கிறது. பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறிப் படுவதும் முளைப்பைத் தூண்டும். மண்ணின் ஆழத்தில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. ஆகவே அரை விரல் ஆழத்தில் நீங்கள் புதைத்த விதைகள், ஒளியும் இல்லாமல் வெப்ப மாற்றமும் இல்லாமல் இருட்டில் உறங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடவில்லை.

அவை எவ்வளவு காலம் உறங்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1879ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்னும் தாவரவியலாளர் பல்வேறு களைச்செடிகளின் விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் இட்டுப் புதைத்து வைத்தார். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புட்டியாகத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்க்கும் அச்சோதனை, அவர் மறைந்த பிறகும் தொடர்ந்தது. 80 ஆண்டுகள் கழித்து, 1960இல் எடுத்த புட்டியில் முளைக்கும் திறன் மிஞ்சியிருந்த மிகச் சில இனங்களுள் ரூமெக்ஸ் கிரிஸ்பஸும் ஒன்று.

எனவே விதைக்கும் முறையை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். குழித்தட்டிலோ சிறு தொட்டியிலோ நயமான மண்ணை நிரப்பி, அதை முதலில் நன்றாக நனைத்து, சவ்விறகு நீக்கிய விதைகளை மேலேயே தூவி, விதை மண்ணோடு ஒட்டும் அளவுக்கு மட்டும் விரலால் அழுத்திவிட வேண்டும். மேலே மண் போடக் கூடாது. மேற்பரப்பு ஒரு வேளைகூட உலராதபடி நீரைப் புகைபோலத் தெளித்து, வெளிச்சமான இடத்தில் வைத்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் முளைகள் தெரியும். மூன்று நான்கு இலைகள் விட்டதும், ஆணிவேர் தட்டின் அடியைத் தொட்டு வளைவதற்கு முன்பே, நிலையான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். இந்தப் பருவத்தில் மாற்றிய நாற்று அநேகமாக வாடுவதே இல்லை.

மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. களிமண், ஈரம் தங்கும் மண், சத்து மிகுந்த மண் எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும். வெறும் மணலும் நீண்ட வறட்சியும்தான் ஆகாது. முழு வெயிலிலும் பகுதி நிழலிலும் வளரும். வெப்பம் மிகுந்த இடங்களில் பிற்பகல் நிழல் கிடைத்தால் இலை மென்மையாக இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மட்கிய தொழு உரம் இட்டால் போதுமானது. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை பெருத்து அசுவினியைத்தான் அழைத்துவரும். கடுங்கோடையிலோ கடுங்குளிரிலோ மேற்பகுதி முழுவதும் காய்ந்துபோனாலும் வேர் காத்திருக்கும். அக்காலத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டுமே தவிர, தோண்டிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பல ஆண்டுகள் இருக்குமா என்ற கேள்விக்கு ஒரு திருத்தத்தோடுதான் ஆம் என்று சொல்ல முடியும்: பூத்து விதை முற்றியதும் மடிந்துபோகும் செடிகளும் இவ்வினத்தில் உண்டு. பூத்தண்டை நீக்கிவிட்டால் வேரின் சேமிப்பு வீணாவதில்லை.

பரவிவிடுமா என்ற அச்சத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். இச்செடியை வளர்ப்பது எளிது. அதைவிடக் கவனம் தேவைப்படுவது அது விதை உதிர்க்காமல் பார்த்துக்கொள்வதில்தான், ஏனென்றால் நன்கு வளர்ந்த ஒரே செடி ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான விதைகளைத் தரும், அவை மண்ணில் எத்தனை காலம் கிடக்கும் என்பதையும் மேலே பார்த்தோம். பிரிட்டனில் 1959ஆம் ஆண்டின் களைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஐந்து களைகளுள் இதுவும் இதன் அகன்ற இலை உறவினமும் இருக்கின்றன. வேறு சில நாடுகளிலும் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், உங்கள் பகுதியின் விதியை அறிந்துகொண்டு நடுவதே முறை. நடுவிலிருந்து பூத்தண்டு எழத் தொடங்கியதும், பூக்கள் பச்சையாக இருக்கும்போதே, அடியோடு வெட்டிவிட வேண்டும். தண்டில் காய் பிடித்த பிறகு வெட்டினால், வெட்டிப் போட்ட தண்டிலேயே விதை முற்றிவிடக்கூடும்; அத்தகைய தண்டைக் கம்போஸ்ட் குவியலில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. துரு நிறத்துக்கு மாறிய கதிரின் அழகுக்காக அதை விட்டுவைக்க விரும்புவோர், துணிப்பையைக் கட்டி விதைகளைப் பிடித்துக்கொள்ளலாம்.

இலையை உண்பது பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இளந்தளிர் புளிப்பாக இருக்கும், முற்றிய இலை கசக்கும். புளிப்புக்குக் காரணம் ஆக்சாலிக் அமிலம். இளம் இலைகளை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டு, எப்போதாவது சிறிதளவு உண்பதில் நலமாக உள்ள பெரியவர்களுக்குப் பொதுவாகத் தீங்கில்லை. சிறுநீரகக் கல் வந்தவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தொடவே வேண்டாம். வேரில் மலமிளக்கும் ஆந்த்ராகுயினோன் பொருள்கள் இருப்பதால் அதைக் கைவைத்தியமாகப் பயன்படுத்தக் கூடாது. ஆடுமாடுகள் இதை மிகுதியாக மேய்ந்தால் நஞ்சாகும். கழிவுநீர் கலக்கும் ஓடையின் கரையிலோ, பழைய தொழிற்கூடத்தின் மண்ணிலோ வளர்ந்த செடியின் இலை எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் உணவுக்கு ஆகாது. பூக்காத நிலையில் தரையோடு படர்ந்த இலைவட்டத்தைக் கொண்டு அடையாளம் காண்பதில் பிழை நேரக்கூடும் என்பதால், தண்டில் கணு உருவாகும் வரை காத்திருங்கள். ஒவ்வொரு கணுவையும் சுற்றி மெல்லிய சவ்வுறை ஒன்று, முதலில் வெண்மையாகவும் பிறகு பழுப்பாகிக் கிழிந்தும் காணப்படும். அது இல்லாத செடி ரூமெக்ஸ் அன்று.

பூச்சி, நோய்த் தொல்லை பெரிதாக இராது. இலையில் செம்புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சையால் வருவது; அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, மாலையில் இலை நனையும்படி நீர் ஊற்றுவதை நிறுத்தினால் கட்டுப்படும். அசுவினியை நீரைப் பீய்ச்சி அகற்றலாம். நத்தைகள் இளநாற்றை ஒரே இரவில் முடித்துவிடும், எனவே முதல் மாதம் மட்டும் விழிப்பாக இருங்கள்.

கடைசியாக, விதை முளைக்காத அந்தத் தொட்டி. அதன் மண்ணை வேறு செடிக்குப் பயன்படுத்தவோ தோட்டத்தில் கொட்டவோ வேண்டாம். கிளறிய உடனே உறங்கும் விதைகளுக்கு ஒளி கிடைத்து, நீங்கள் நினையாத இடத்தில் கூட்டமாக எழும். மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குக் கிளறி, சமன் செய்து, நனைத்து வெளிச்சத்தில் வையுங்கள். உங்களுக்கு வேண்டிய நாற்றுகள் அதிலேயே கிடைக்கக்கூடும்.