பெயரை மாற்றினேன், டைம்லைன் சிவந்துவிட்டது

கேள்வி: என் அப்பா 2003 முதல் 2009 வரை வீடியோ கேமராவில் எடுத்த 18 மினிடிவி கேசட்டுகளை ஈரோட்டில் ஒரு கடையில் கொடுத்து, 32 ஜிபி பென்டிரைவில் ஏற்றி வாங்கினேன். அண்ணன் கல்யாணத்தை எடிட் செய்ய உட்கார்ந்தேன். எல்லா ஃபைலுக்கும் ‘வீடியோ 1, வீடியோ 2’ என்றே பெயர். குழப்பமாக இருந்ததால் பாதி வேலையில் பெயர்களை மாற்றினேன். மறுநாள் திறந்தால், வீடியோத் துண்டுகளை வரிசையாக அடுக்கியிருந்த டைம்லைன் முழுக்கச் சிவப்பு. ஒரு வார உழைப்பு போய்விட்டதா? கேசட்டுகள் இன்னும் கடையில்தான் இருக்கின்றன. ‘இனி எதுக்குங்க, தூக்கிப் போட்டுடலாமா’ என்று கேட்கிறார்கள். – வாசகி, பெருந்துறை

பதில்: ஒன்றும் போகவில்லை அம்மணி. எடிட்டிங் சாஃப்ட்வேர் உங்கள் வீடியோவைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. எந்த ஃபோல்டரில், எந்தப் பெயரில் கிடக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. பத்திரிகை வைக்க வந்தவர் வேப்பமரத்துத் தோட்டம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் கேட்டில் வேறு பெயரை எழுதிவிட்டீர்கள்.

பழைய பெயர் ஞாபகம் இருந்தால் அதையே திரும்ப வையுங்கள், சிவப்பு போய்விடும். இல்லையென்றால் சிவந்த கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ரீலிங்க்’ கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். எது எதுவென்று தெரியாவிட்டால் ஃபைல் நீளத்தைப் பாருங்கள். 58 நிமிடம் 12 விநாடி ஓடுகிற ஃபைல் உங்களிடம் இரண்டு இருக்க வாய்ப்பு குறைவு. பென்டிரைவைச் செருகிக்கொண்டே எடிட் செய்வதையும் விடுங்கள். கம்ப்யூட்டரில் காப்பி போட்டுக்கொண்டு அதிலிருந்து செய்யுங்கள்.

இனிமேலுக்கு: ஃபைலின் பெயரை ஒரே ஒரு முறை, சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பிறகு தொடக்கூடாது. எடிட் செய்யும்போது வேறு பெயர் வேண்டுமென்றால் சாஃப்ட்வேருக்குள்ளேயே கிளிப்புக்கு வையுங்கள், நிறம் கொடுங்கள், மார்க்கர் போடுங்கள். அது ஃபைலை ஒன்றும் செய்யாது. ஃபைலுக்கு நான் வைப்பது இப்படி:

2005-09-11_கேசட்07_கல்யாணம்_இணைச்சீர்

வருடம் முதலில், மாதம், பிறகு நாள். மாற்றிப் போட்டால் 2003-ம் 2009-ம் கலந்துபோகும். ‘நல்லது’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’ என்றெல்லாம் எழுதாதீர்கள். ‘மாமா’, ‘பெரியப்பா’ என்றும் வேண்டாம். உங்களுக்கு மாமா, உங்கள் மகளுக்கு யார்? ஆளின் பெயரை எழுதுங்கள். அமுச்சி (அம்மாவின் அம்மா) இருக்கும்போதே பக்கத்தில் உட்கார வைத்து, திரையை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுங்கள். நம் சீர்களை, அதாவது கல்யாணச் சடங்குகளை, வெளியூர் எடிட்டரிடம் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். இணைச்சீர் என்பது மாப்பிள்ளைக்கு அவருடைய அக்கா தங்கையோடு நடக்கும் சீர். அதில் மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற அக்காவை மணப்பெண் என்று நினைத்து, ‘மணமக்கள்’ என்று எழுதி ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

தேதியில் மட்டும் ஒரு விதிவிலக்கு. கேமரா காட்டும் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது பொது விதி. ஆனால் நம் கல்யாணம் ஒரு நாளில் முடிவதில்லை. முதல் நாள் மாலையே ஆரம்பித்துவிடும், விடிகாலையில் முகூர்த்தம். இரவு பன்னிரண்டு அடித்ததும் கேமராவில் தேதி மாறும். ஒரே கேசட்டில் முன்பாதி பத்தாம் தேதி, பின்பாதி பதினொன்று. அப்படியே பிரித்தால் ஒரே கல்யாணம் இரண்டு கல்யாணமாகிவிடும். அதனால் பத்திரிகையில் அச்சடித்த முகூர்த்தத் தேதியையே முதல் நாள் சீருக்கும் போடுங்கள். மறுவீடு இரண்டு நாள் கழித்து நடந்திருந்தாலும் அதே தேதிதான். பின்னால் ‘மறுவீடு’ என்று சேர்த்தால் போதும். காலையில் காதுகுத்து, மதியம் அதே கோயிலில் கிடாவெட்டு என்றால்? அப்போதும் ஒரே தேதி, விசேஷப் பெயர் மட்டும் வேறு. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது அந்தக் கடை. நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு மணி நேர மினிடிவி கேசட்டை உள்ளபடி ஏற்றினால் ஏறத்தாழ 13 ஜிபி வரும். 18 கேசட்டுக்கு 234 ஜிபி. உங்களுக்குக் கிடைத்ததோ 32 ஜிபி பென்டிரைவ். மீதி எங்கே? அமுக்கிச் சுருக்கிவிட்டார்கள். ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கேபிளில் ஏற்றினீர்களா, மஞ்சள் வெள்ளை சிவப்பு வயரிலா என்று அவர்களிடம் கேளுங்கள். ஃபயர்வயரில் ஏற்றியிருந்தால் எடுத்த தேதியும் நேரமும் கூடவே வந்திருக்கும். காட்சி மாறும் இடத்தில் தானாகவே வெட்டித் தரும் சாஃப்ட்வேரும் உண்டு. மஞ்சள் வயரில் படமும் சத்தமும் மட்டும் வரும், தேதி கேசட்டிலேயே தங்கிவிடும். ‘4கே ஆக்கித் தர்றோம்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள். மினிடிவி படத்தில் இருப்பதே 576 கோடுகள். இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

பல ஊர்களில் கேசட் வாங்குகிற கடையில் மெஷினே கிடையாது. வாங்கி, பையில் போட்டு, பஸ்ஸில் வேறு ஊருக்கு அனுப்புவார்கள். தொலைந்தால் வெறும் கேசட்டின் விலைதான் தருவோம் என்று ரசீதுக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். காய்கறிக் கடைத் தராசுக்குக்கூட முத்திரை வேண்டும். ஒரு குடும்பத்தின் இருபது வருட ஞாபகத்தைக் கையில் வாங்குகிறவருக்கு ஒன்றும் வேண்டாம்.

அந்தக் கேசட்டுகள்தான் உங்கள் அசல். திங்கட்கிழமை ரசீதோடு போய், 18-ஐயும் எண்ணி வாங்குங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாக ஒரு நகர்த்தும் பொத்தான் இருக்கும். அதைச் ‘சேவ்’ பக்கம் தள்ளிவிடுங்கள், மேலே வேறு எதுவும் பதிவாகாது. பேனாவில் 1 முதல் 18 வரை எண் போட்டு, ஃபைல் பெயரிலும் அதே எண்ணை எழுதுங்கள். தகரக் கூரைக்குக் கீழே பரண் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள்.